ஞாயிற்றுக்கிழமையில் துவைக்கிறவள்

"அக்கா, இடுப்புல இன்னும் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்களேன்... தொளதொளன்னு இருக்கு!"

சின்னவள் கண்ணாடி முன்னால் நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அவள் போட்டிருந்தது தேவாலயத்துப் பாடகர் குழுவின் வெள்ளை அங்கி. பெரியவள் தனக்கென்று அளவெடுத்து, கழுத்துக்கு இரட்டைத் தையல் போட்டுத் தைத்துக்கொண்ட அங்கி. குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடி அவள் ஓரகத்தியின் பக்கத்தில் மண்டியிட்டாள். ஊசியைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், சதையில் ஏறிவிடும். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே பகீரென்றது. துணியை மட்டும் மடித்து ஊசியைச் செருகினாள்.

"தைக்க நேரமில்ல. ஊசி போட்டு விட்டிருக்கேன். குனியாம இரு."

"இன்னைக்குத் தனிப்பாட்டு அக்கா. கை காலெல்லாம் நடுங்குது..."

முன்னறையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த பெரியவளின் கணவன் அங்கிருந்தே குரல் கொடுத்தான். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். அந்தச் சத்தத்திலேயே இருந்து பழகி எதையும் உரக்கத்தான் சொல்லுவான்.

"எதுக்கும்மா நடுக்கம்? காலையில பாடிப் பார்த்தியே... அடடா! குயில் கெட்டது போ!"

பெரியவளுக்குச் சுரீரென்றது. இதே வாயால் இதே குயிலை அவளுக்கும் சொல்லியிருக்கிறான். ஆலயத்தில் அவள் பாடியதைக் கேட்டுத்தான் வீட்டில் அடம்பிடித்து அவளைக் கட்டிக்கொண்டான். இப்போது அந்தக் குயில் கூடு மாறிவிட்டது!

"நீயும் கிளம்பேன்டி," என்றான் அவளிடம். "அம்மா கொஞ்ச நேரம் தனியா இருக்க மாட்டாங்களா? எத்தனை நாள் இப்படி?"

"எனக்கு இஷ்டமில்ல. சாமி கோயிலுக்குள்ள மட்டுமா உட்கார்ந்திருக்காரு? வீட்டுலயே கும்பிட்டுக்கறேன்."

"மாடியில துணி காயப்போட்டுக்கிட்டேவா கும்பிடுவீங்க?"

சின்னவள் மெதுவாகத்தான் கேட்டாள். ஆனாலும் அறை முழுக்கக் கேட்டது.

"என்னடி சொன்ன?"

"நான் சொல்லல அக்கா. ஊர் சொல்லுது. தபால்காரர் சம்சாரம் எல்லார்கிட்டயும் சொல்றாங்க... 'ஆராதனை மணி அடிக்கிற நேரம் பார்த்து மொட்டை மாடியில விரிப்பு உதறுறா. முதல் பாட்டுக்காரிங்கிற பேர் போனதும் சாமி பயமும் போயிடுச்சா'ன்னு! எனக்குத்தானே தலைகுனிவா இருக்கு?"

பெரியவள் கணவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை... 'என் பொண்டாட்டி அப்படிப்பட்டவ இல்ல' என்று ஒரே ஒரு வார்த்தை! அவன் ஷூ கயிற்றை இழுத்துக் கட்டினான். பிறகு தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு வாசலிறங்கினான். சின்னவள் பின்னாலேயே போனாள். தெருமுனை திரும்பும்வரை அந்த வெள்ளை அங்கி பெரியவளின் கண்ணை உறுத்திக்கொண்டே போயிற்று.

உண்மையைச் சொன்னால் எல்லார் வாயும் அடைந்துவிடும். ஆனால் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

மாமியார் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்தவள். அவள் வராந்தாவில் நடந்தால் வகுப்பு வகுப்பாக அடங்கும். ஓய்வு பெற்ற பிறகும் ஆலயத்தில் முன்வரிசையில் அவள் முதுகு சாயாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பின்வரிசைக்காரர்களும் நிமிர்ந்துகொள்வார்கள். அப்பேர்ப்பட்டவளை ஒரு பக்கவாதம் கட்டிலில் தள்ளியது. இடது கையும் காலும் போயின, நாக்கு குழறியது. சில நாளிலேயே, அவளை அறியாமல் படுக்கை நனையத் தொடங்கியது.

முதல் தடவை அது நடந்தபோது, விளங்கிய ஒரே கையால் பெரியவளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா... என் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சா நான் உசுரோட இருக்க மாட்டேன். அந்தச் சின்னப் பொண்ணு நேத்து வந்தவ... அவளுக்கு வேண்டவே வேண்டாம். உன்னைத் தவிர வேற யாரும் என்னைத் தொடக் கூடாது. சத்தியம் பண்ணு!"

"சத்தியமா சொல்ல மாட்டேன் அத்தை. அழாதீங்க..."

மற்ற நாட்களில் பிரச்சினையில்லை. ஆண்கள் இருவரும் வேலைக்கும், சின்னவள் மருந்துக் கடைக்கும் கிளம்பிய பிறகு எல்லாவற்றையும் துவைத்துக் காயவைத்து, கெடிகாரம் பார்த்து மடித்துவிடுவாள். பிறகுதான் தையல் மெஷினில், கூலிக்குத் தைக்கிற திரைச்சீலையும் தலையணை உறையும் ஓடும். ஞாயிற்றுக்கிழமையில் வீடு காலியாவது ஆராதனை நேரத்தில் மட்டும்தான். ஆகவே மணி அடிக்கும்போது அவள் விரிப்பு உதறினாள். ஊர் பார்த்தது.

ஆரம்பத்தில் அது அவளுக்குத் தியாகமாகவே தோன்றவில்லை. மாமியாரைக் குளிப்பாட்டிச் சாய்த்து உட்காரவைத்து, வேதப் புத்தகம் வாசித்து, இரண்டு பாட்டுப் பாடுவாள். கிழவி உதட்டசைப்பாள். இது போதாதா என்றுதான் இருந்தது. பிறகு எப்போது என்று தெரியாமல் பாட்டு ஒன்றாயிற்று; வாசிப்பு நாலு வரியாயிற்று. அதன்பின் செல்போனில் ஆராதனை நேரலையாக வரத் தொடங்கியது. போனைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்துவைத்துப் பார்ப்பாள். பிரசங்கம் வந்தால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். பாடகர் குழுவைக் காட்டும்போது மட்டும் ஓடிவந்து உட்காருவாள். முன்வரிசையில் இடது ஓரம், தன் இடம். அங்கே சின்னவள். 'இந்த இடத்துல மூச்சு வாங்கக் கூடாது... வாங்கிட்டா பாரு! ஐயோ, சுருதி இறங்குது...'

ஜெபமும் அப்படித்தான் ஆகிவிட்டது. ஆலயத்தில் இருந்த காலத்தில் யாராவது எழுந்து மகளின் பிரசவத்துக்காக வேண்டுங்கள் என்பார்கள், ஆலய வாட்ச்மேன் தன் முழங்கால் வலிக்காக என்பார். அதற்கெல்லாம் சேர்ந்து ஆமென் சொல்லிவிட்டுத் தன் குறைக்கு வரும்போது, சொல்ல நினைத்ததில் பாதி சின்னதாகிப் போயிருக்கும். வீட்டில் குறுக்கே பேச ஆளில்லை. 'நீர் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீர் ஆண்டவரே' என்று ஆரம்பித்தால் ஒவ்வொருவர் மேலும் வழக்குச் சொல்லிக்கொண்டே போகலாம். அந்த அறையில் ஆண்டவர் எப்போதும் அவள் கட்சிதான்!

மாமியார் இதைக் கவனித்திருந்தாள். "முன்ன கோயிலுக்குப் போயிட்டு வந்தா உன் முகம் கழுவி வச்ச பாத்திரம் மாதிரி இருக்கும்... இப்ப ஏம்மா இப்படி?" என்று ஒருநாள் குழறலாகக் கேட்டாள்.

"வயசாகுது அத்தை," என்று சிரித்து மழுப்பியிருந்தாள்.

தனிப்பாட்டு இருந்த அந்த ஞாயிறும் போன் கூஜாவில் சாய்ந்திருந்தது. போதகர் சின்னவளைப் பாட அழைத்தார். பெரியவள் ஈர விரிப்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள். முதல் இரண்டு அடிகள் நன்றாகவே வந்தன. பெரியவளுக்கு வயிறு எரிந்தது. மூன்றாவது அடியில் உச்சிக்கு ஏறும் இடம்... சின்னவளின் குரல் நடுவில் கீறிக்கொண்டு நின்றுபோயிற்று. இன்னொரு முறை முயன்றாள். காற்றுத்தான் வந்தது. ஆர்மோனியக்காரர் வாசித்துக்கொண்டே இருந்தார். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு பக்கவாசலை நோக்கி ஓடுவது திரையில் தெரிந்தது.

"நல்லா வேணும்!"

சொன்னது யாரென்று பெரியவள் திரும்பிப் பார்த்தாள். அறையில் மாமியாரைத் தவிர வேறு யாரும் இல்லை. மாமியார் அவளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், வகுப்பில் நல்ல பிள்ளை திருடக் கண்ட டீச்சரைப் போல.

பெரியவளுக்கு உடம்பு கூசியது. போனை அணைத்தாள். வாளியை இழுத்து, மாமியாரின் உடையைக் களைந்து, கால்களைத் துடைக்கத் தொடங்கினாள்.

வாசற்கதவு படீரென்று திறந்தது.

"சந்தோஷமா அக்கா?" சின்னவளின் குரல் முன்னறையைத் தாண்டிக்கொண்டு வந்தது. "கேட்டுட்டுத்தானே இருந்தீங்க? இப்பக் குளிர்ந்துச்சா மனசு? வாங்களேன் வெளிய... ஏன் ஒளிஞ்சுக்கிட்டு..."

அறைக்கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

விரிப்பில்லாத மெத்தை. தரையில் நனைந்த துணிக் குவியல். மாமியாரின் மெலிந்த கால்களை மடியில் தாங்கிப் பெரியவள் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரியவள் பதறித் தன் உடம்பாலேயே மாமியாரை மறைத்தாள்.

"வெளிய போடி! கதவைச் சாத்து!"

"விடு... பார்க்கட்டும்," என்றாள் மாமியார். கண்ணீர் காதோரம் வழிந்தது. "போதும்... எனக்காக நீ பொய்க்காரியானது போதும்... சின்னவளே, கேளு. இவ துவைச்சது என் மானத்தை. தினம் தினம்... வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினது நான். கோயிலுக்கு வர இவளுக்கு இஷ்டமில்லாம இல்ல. நான்தான் விடல..."

சின்னவள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கியின் இடுப்பு ஊசிகள் குத்தியிருக்க வேண்டும். அவள் அதைக்கூட உணரவில்லை.

"அக்கா... நான் என்னவெல்லாம் பேசிட்டேன்! காலையில கூட..."

"நீ பேசினதுல பாதி நிஜம்டி." பெரியவள் தலையை நிமிர்த்தவில்லை. "என்னைத் தெய்வமாக்கிடாத. உன் குரல் உடைஞ்சப்போ நான்... சந்தோஷப்பட்டேன். வாய்விட்டே சொன்னேன். அத்தையைக் கேளு. ஒவ்வொரு வாரமும் நீ எங்க தடுக்கி விழுவேன்னு பார்க்கறதுக்குத்தான் அந்தப் போனைத் திறந்தேன். கும்பிட இல்ல..."

அவள் துணியை வாளிக்குள் பிழிந்தாள்.

"நானும் ஒண்ணு மறைச்சேன் அக்கா," என்றாள் சின்னவள். "ஒவ்வொரு வாரமும் ஆராதனை முடிஞ்சதும் எல்லாரும் என்கிட்ட வருவாங்க. பாட்டு நல்லாருந்துச்சுன்னு சொல்ல இல்ல. 'பெரியவ எப்ப வருவா? அவ இல்லாம என்னமோ மாதிரி இருக்கு'ன்னு கேக்க! ஆர்மோனியக்காரர், போதகர், அந்த வாட்ச்மேன் கூட... நான் உங்ககிட்ட ஒரு நாளும் சொல்லல. சொன்னா நீங்க வந்துருவீங்கன்னு பயம். இன்னைக்குப் பாட நிக்கும்போதும் எல்லார் முகத்துலயும் உங்களைத் தேடுற மாதிரியே இருந்துச்சு... அதான் தொண்டை அடைச்சுக்கிச்சு."

பெரியவள் அப்போதுதான் அழுதாள். தன்னை மறந்தே போனார்கள் என்றல்லவா இத்தனை நாளும் குமைந்துகொண்டிருந்தாள்!

சின்னவள் எழுந்து அங்கியின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டாள். "தள்ளுங்க. அத்தைக்கு மேலுக்கு நான் துடைக்கிறேன்."

மாமியார் மறுக்கவில்லை. சின்னவள் முதுகைத் தாங்கிப் பிடித்தபோது "உன் கை வெதுவெதுன்னு இருக்கும்மா" என்றாள். இத்தனைக்குப் பிறகும் பெரியவளின் நெஞ்சில் ஒரு முள் குத்தியது. 'எனக்கு ஒரு நாள் சொன்னீங்களா அத்தை?' அவள் அதை விழுங்கிக்கொண்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆண்கள் திரும்பியபோது மாமியார் தானே மகன்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்க வெகுநேரமாயிற்று. மூத்தவன் மனைவியின் முன்னால் வந்து நின்றான். உரத்த குரல்காரன் அன்று முணுமுணுத்தான்.

"என்கிட்ட கூடவா..."

"உங்ககிட்டதாங்க முக்கியமா சொல்லக் கூடாதுன்னாங்க," என்றாள் அவள். "ஆனா காலையில நீங்க எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அதுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல."

அவன் தலைகுனிந்தான்.

"அடுத்த வாரம்... நானும் வரேன் கோயிலுக்கு," என்றாள் மாமியார் திடீரென்று. உடனே முகம் வாடியது. "ஆனா அங்க வச்சு நனைஞ்சுட்டா..."

"மருந்துக் கடைக்காரியை வீட்டுல வச்சுக்கிட்டுக் கேக்குற கேள்வியா அத்தை?" சின்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அதுக்குன்னே உள்ளாடை இருக்கு. நீங்க பாடம் நடத்தின காலத்துப் பெரிய மனுசங்க எத்தனை பேர் அதை வாங்கிட்டுப் போறாங்க தெரியுமா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அடுத்த ஞாயிறு மகன்கள் இருவரும் சக்கர நாற்காலியை ஆலயப் படிகளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். முன்வரிசைக்குப் போக வழியில்லை. கடைசி வரிசையின் ஓரத்தில் நாற்காலியை நிறுத்தினார்கள். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாடகர் குழு எழுந்து நின்றது. இடது ஓரத்தில் சின்னவள். போனில் பார்த்ததைவிட நேரில் அங்கி அவளுக்கு இன்னும் அழகாக இருந்தது. பெரியவளின் வயிற்றில் பழைய நெருப்பு எட்டிப்பார்த்தது. மன்னிப்புக் கேட்டு, அழுது, எல்லாம் ஆன பிறகும் போகாதா இந்தப் பாழாய்ப்போன பொறாமை! வீடாக இருந்தால் போனை அணைத்துவிடலாம். இங்கே அணைக்க ஒன்றுமில்லை.

"திருவிருந்து அப்பம் வாங்குறதுக்கு முன்னாடி ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லுவோம்," என்றார் போதகர்.

எல்லாரும் எழுந்து அக்கம்பக்கம் திரும்பினார்கள். முதலில் அவளிடம் வந்தது தபால்காரர் சம்சாரம். அவள் கண் கலங்கியிருந்தது. எப்படியோ விஷயம் தெரிந்திருக்கிறது. "சமாதானம் பெரியவளே... என் வாயில நெருப்பை வைக்க," என்று இரண்டு கையையும் நீட்டினாள். பெரியவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது நடுவழியில் வெள்ளை அங்கி வந்துகொண்டிருந்தது. பாடகர் குழுவை விட்டிறங்கி, வரிசை வரிசையாகக் கடந்து, யாருக்கும் கைகொடுக்காமல் சின்னவள் நேரே கடைசி வரிசைக்கு வந்தாள். எதிரே வந்து நின்றாள். கையை நீட்டினாள்.

பெரியவள் அந்தக் கையைப் பார்த்தாள். அப்படியே அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"சமாதானம்டி... இன்னும் முழுசா வரல. வந்துரும். வாராவாரம் வரேன், வந்துரும்..."

"எனக்கும்தான் அக்கா..." சின்னவள் அவள் தோளில் முகம் புதைத்து விசும்பினாள். பக்கத்தில் மாமியார், போகிற வருகிற எல்லாரிடமும் விளங்கிய ஒரு கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஆர்மோனியம் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டது. சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்கு ஓடினாள். "இங்க வாங்கம்மா" என்று ஆர்மோனியக்காரர் கையசைத்தார். பெரியவள் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, நாற்காலியின் பிடியைப் பற்றியபடி நின்ற இடத்திலேயே பாடினாள். ஒரு பக்கம் தபால்காரர் சம்சாரம் தாளம் தப்பிப் பாடினாள். மறுபக்கம் மாமியார் குழறினாள். நாற்காலிக்குப் பின்னால் நின்ற கணவனின் அச்சக மெஷின் குரல். அத்தனை குரல்களுக்கு நடுவில் அவள் குரல் எதுவென்று அவளுக்கே பிரித்துக் கேட்கவில்லை. அவள் இன்னும் உரக்கப் பாடினாள்.