புனிதா திறக்காத கதவு

காலையில் கண்விழித்த புனிதாவுக்கு வயிற்றில் அரித்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள்! வகுப்புத் தோழன் யுகேந்திரனுக்கு வந்த அதே அம்மை.

"அம்மா!" என்று கூப்பிட வாயெடுத்தவள், சட்டென்று எழுந்துபோய் அறைக் கதவைத் தாழிட்டாள்.

அம்மா குமுதாவுக்கு முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய காவல் அணுக்கள், ஆள் தெரியாமல் அவளுடைய மூட்டுகளையே தாக்கின. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசிதான் அவற்றை அடக்கி வைத்திருந்தது. அதற்குப் பிறகே அம்மா விரல் வலியில்லாமல் தோசை வார்த்தாள்.

ஆனால் மருத்துவமனைத் தாதி மலர்விழி முன்பே எச்சரித்திருந்தார்: "ஊசி போட்டா காவல்காரங்க அடங்கித்தான் இருப்பாங்க. நிஜமாவே கிருமி வந்தா, வேகமா சண்டை போட மாட்டாங்க. கவனம்."

அம்மாவுக்கோ இதுவரை அம்மையே வந்ததில்லை.

"புனிதா, பஸ் வந்துரும் லா! கதவைத் திற."

"மாட்டேன்மா. எனக்கு அம்மை போட்டிருக்கு. கிட்ட வராதீங்க."

கதவு தடதடவென்று ஆடியது.

"ஐயோ, ஆத்தா வந்திருக்காளா? திற கண்ணு! பெத்தவ நான் வேப்பிலை போட்டுப் பார்க்காம வேற யாரு பார்ப்பா? ஆத்தா வந்த வீட்டுல எனக்கு ஒண்ணும் ஆகாது."

புனிதாவுக்கு அழுகை முட்டியது. காய்ச்சல் வேறு கொதித்தது. அம்மாவின் மடியில் படுக்க அவளுக்கும் ஆசைதான்.

"மிஸி மலர்விழிக்கு போன் பண்ணுங்கம்மா. அவங்க சரின்னு சொன்னா திறக்கிறேன்."

அம்மா முணுமுணுத்துக்கொண்டே அழைத்தாள். தாதி பேசப் பேச, அம்மாவின் குரல் இறங்கியது.

"சரிங்க... இப்பவே வரேன்... அடுத்த ஊசி இப்ப வேணாமா? சரிங்க."

அப்பா விமலனுக்குச் சிறுவயதிலேயே அம்மை வந்து போயிருந்தது. அன்று அவர் லோரி ஓட்டப் போகவில்லை. வேப்பிலை பரப்பினார், கஞ்சி வைத்தார். கஞ்சி பசை மாதிரி இருந்தது. டாக்டரைப் பார்த்த அம்மா, ரவாங் ஊரில் இருக்கும் பெரியம்மா வீட்டில் தங்கிவிட்டாள்.

"பெத்த அம்மாவையே துரத்திட்டியேடி!" என்றாள் தொலைபேசியில்.

"நீங்க எனக்கு வேணும்மா. அதான்."

மறுமுனையில் அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

மூன்று வாரம் கழித்துக் கிள்ளானில் உள்ள வீட்டுக்குத் திரும்பினாள் அம்மா. உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. புனிதா வாசலுக்கே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"மெதுவா, எலும்பு நொறுங்கிடும்!" என்றாள் அம்மா. ஆனால் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அம்மாதான்.