ஒன்பதாயிரம் பேர் குளித்த குளியல்

மத்தியதரைக் கடல் காந்திமதியின் முழங்காலைத் தொட்டபோது காலை மணி பதினொன்று. சுடிதாரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலடி உள்ளே போனாள். தண்ணீர் முதலில் சில்லென்றது, பிறகு பழகிவிட்டது. அலை தெறித்த உதட்டை நாக்கால் தொட்டு உப்பைப் பார்த்தாள். நம்மூர் உப்பைவிடக் கொஞ்சம் தூக்கல்தான். எல்லாம் வேலை. அவள் நெற்றியில் விபூதிக் கீற்றின் அகலத்துக்கு ஒட்டியிருந்த பதிவுப்பட்டை, அவள் பார்த்ததையும் தொட்டதையும் நினைத்ததையும் ஒன்றுவிடாமல் சேர்த்துக்கொண்டிருந்தது.

ஸ்பெயினின் அலிகாந்தே நகரத்தில் அவளுக்கு அது ஐந்தாம் நாள். நீலக்கரை நிறுவனத்தில் அவள் பதிலிப் பயணி. லீவு கேட்டு மேலதிகாரியிடம் பல்லைக் காட்டி அலுத்துப்போன ஜனங்கள் இப்போதெல்லாம் வெளிநாட்டுக் கடற்கரைக்குப் போவதில்லை, பதிலிப் பயணி போய்வந்த ஞாபகத்தைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். பாளையங்கோட்டைக் கிளையில் காலையில் போய்ப் படுத்தால் மாலையில் ஒன்பது நாள் உல்லாசத்துடன் எழுந்து வரலாம். நாள் கணக்கு உதைக்காதா என்று கேட்பீர்கள். மூளை இதிலெல்லாம் பலே கெட்டி. போன வருஷம் எப்போதோ சும்மா கிடந்த ஒன்பது நாளைத் தேடி எடுத்து, அதில் கடலைக் கொட்டிக்கொள்ளும். பதிலிப் பயணி சுடிதாரைச் சுருட்டியிருந்தால், ஏற்றிக்கொண்ட ஆண்பிள்ளை பேண்ட்டை மடித்துவிட்டதாக நினைவு வைத்துக்கொள்வார். பாளையங்கோட்டையில் படுத்த ஞாபகத்தை மட்டும் நிறுவனமே துடைத்துவிடும். வாங்கிய ஞாபகம் என்று தெரிந்துவிட்டால் அதில் என்ன சுகம்?

இதனால் ஊரில் ஒரு வேடிக்கை. எதிர்வீட்டுக்காரர் ஏற்றிக்கொண்டு வந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். தான் மட்டும் நிஜமாகவே விமானம் ஏறிப் போய் வந்ததாக ஒவ்வொருவரும் சத்தியம் செய்வார்கள்.

பதிலிப் பயணிகளுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டை நினைக்கக் கூடாது. நினைத்துத் தொலைத்தால் சலித்து எடுக்கப் பெயர்ச்சல்லடை இருக்கிறது. நினைப்பில் ஒரு மனிதரின் பெயர் தட்டுப்பட்டால், அந்தப் பெயரையும் அதைச் சுற்றியிருப்பதையும் அது சுத்தமாக எடுத்துவிடும்.

கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு காந்திமதி வீட்டை நினைத்தாள். 'அவுக வந்திருந்தா இந்நேரம் கரையில துண்டோட நின்னுக்கிட்டு, உள்ள போகாத, உள்ள போகாதன்னு கத்திக்கிட்டே இருப்பாக.' நினைத்ததும் சிரிப்பு வந்தது. இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகப் பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அப்பாடா என்று மல்லாந்து மிதந்தாள். மிதக்கும்போதே நெஞ்சில் ஒன்று குத்தியது.

குத்தாமல் என்ன செய்யும்? பதிலிப் பயணி துணைக்கு ஒருவரை அழைத்துப்போக நிறுவனம் அனுமதிக்கிறது. காந்திமதி தன் கணவர் சங்கரலிங்கத்திடம், "கூட யாரையும் விடமாட்டாங்களாம்" என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. பருப்புப்பொடி இடித்து, டப்பாவில் அடைத்து, டப்பாவைச் சுற்றிப் பழைய துண்டைக் கட்டி, அவள் பெட்டியில் வைத்தார். போன இடத்தில் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்கிற மாதிரி. அந்த டப்பாவைத் திறந்தபோதெல்லாம் சொன்ன பொய் அவளுக்கு நினைவு வந்தது. இருந்தாலும் அடுத்த நாளும் தனியாகக் கடலுக்குப் போனாள், இன்னும் சந்தோஷமாக மிதந்தாள்.

மூன்று மாதம் கழிந்தது. அலிகாந்தே ஒன்பதாயிரம் பேருக்கு ஏறியிருந்தது. நிறுவனத்தில் நினைவுகளைத் திருத்தும் ஜெபராஜ் ஒரு காலையில் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, உங்க கடலு ஊரையே திருத்திட்டு இருக்கு, தெரியுமா?"

"என்ன தம்பி சொல்லுதீங்க?"

"ஏத்திட்டுப் போனவங்க வீட்டுலேருந்து வர்ற கடுதாசியப் பாருங்க. ஒருத்தருக்கும் கடலப் பத்திப் பேச்சில்ல. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்துல காப்பி டம்ளரக் கழுவாத மனுசன் இப்ப சட்டி கழுவுதாராம். இன்னொரு வீட்டுல, நண்டு வாடையே ஆகாத பொம்பள, வீட்டுக்காரருக்காக மூக்கப் பொத்திக்கிட்டு நண்டுக் குழம்பு வைக்கிறாங்களாம். எல்லாருக்கும் ஒரே நோவு. வீட்டு ஆள விட்டுட்டுத் தனியாப் போயிட்டோமே, அதுவும் பொய் சொல்லிட்டுப் போனோமேன்னு."

"அதையெல்லாம் சல்லடை எடுத்திருக்கணுமே?"

"பேரு இருந்தால்லா எடுக்கும்? ஒன்பது நாள்ல உங்க வீட்டு சாரை நாப்பத்தேழு தடவ நினைச்சிருக்கீங்க. ஒரு தடவகூடப் பேரச் சொல்லல. அவுக, அவுகன்னே நினைச்சிருக்கீங்க. மனசுக்குள்ளயுமாக்கா?"

மனசுக்குள்ளேயும்தான். கடலைத் தலைக்குள் ஊற்றுகிற காலம் வந்தும் காந்திமதி கணவர் பெயரைச் சொன்னதில்லை. ஆதார் அட்டை வாங்கப் போனாலும் மகளை விட்டுச் சொல்ல வைப்பாள். கட்டாயம் என்று யாரும் வைக்கவில்லை, அப்படியே பழகிவிட்டது. பெயரில்லாமல் 'அவுக' என்று மட்டும் கிடந்த அந்த இடத்தில் ஒன்பதாயிரம் பேரும் அவரவர் வீட்டு ஆளைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார்கள்.

"உடனே எடுத்துருங்க தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எடுத்துப் பாத்தேன்க்கா. பத்துப் பேருக்கு ஏத்தியும் பாத்தாச்சு. அழகா இருந்துச்சுன்னாங்க. ஒரே வாரத்துல மறந்துட்டாங்க. அந்தக் குத்தல் இருக்கிறதாலதான் மூளை அதச் சொந்த ஞாபகம்னு சேத்துக்குது. குத்தமே இல்லாத சந்தோசத்த எவனும் தன்னோடதுன்னு நம்பமாட்டேங்கிறான். மேலிடம் கையே வைக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"அவுக காதுக்குப் போச்சுன்னா?"

ஜெபராஜ் பேனாவை மூடித் திறந்தான். "சார் காலையிலேயே வந்து படுத்துட்டாரேக்கா. ஊழியர் குடும்பத்துக்குன்னு உள்ள சலுகை ஏற்றம். நீங்க பாத்த கடலத் தானும் பாக்கணுமாம். உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாரு."

காந்திமதி ஏற்றும் அறைக்கு ஓடினாள். கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. பாதியில் நிறுத்தினால் மூளைக்கு ஆகாது என்று நர்ஸ் தடுத்தாள். கண்ணாடி வழியே சங்கரலிங்கம் தெரிந்தார். கண்ணை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் நிற்கவே முடியவில்லை.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். மற்றவர்களுக்கு அது யாரோ ஒரு அவுக. கரையில் துண்டோடு நின்று கத்துகிற ஆள் தான்தான் என்று இவருக்கா புரியாமல் போகும்? பொய் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். தான் இல்லாததில் பெண்டாட்டிக்கு அவ்வளவு நிம்மதி என்று தெரிந்தபின் எந்த மனுஷன் பழையபடி முகம் கொடுப்பான்? முந்திக்கொண்டு காலில் விழுந்துவிடுவது என்று தீர்மானித்தாள். சாயங்காலம்வரை சாப்பிடாமல், பேச வேண்டியதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு சங்கரலிங்கம் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"காந்தி, ஒண்ணு சொல்லணும். கோபப்படாம கேப்பியா?"

அவள் காலில் விழக் குனிவதற்குள் அவரே தொடர்ந்தார்.

"போன வருசம் நான் அலிகாந்தேக்குப் போனேம்லா? கூட ஒரு ஆளக் கூட்டிட்டு வரலாம்னுதான் சொன்னாங்க. நான்தான் யாரையும் விடமாட்டாங்கன்னு உங்கிட்டப் பொய் சொன்னேன். எதுக்குச் சொன்னேன்னு கேளு. நீ வந்தா கரையில நின்னுக்கிட்டு உள்ள போகாத, உள்ள போகாதம்ப. நீ இல்லாதது எனக்கு அவ்வளவு நிம்மதியா இருந்துச்சுட்டி."

அட்சரம் பிசகாமல் அவளுடைய நினைப்பு. என்றாலும் அவர் வாயால் கேட்டபோது சுருக்கென்று தைத்தது. இருபத்தொரு வருஷம் ஆக்கிப்போட்ட என்னைப் பற்றியா இப்படி நினைத்தீர்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கடித்து விழுங்கினாள்.

"என்னங்க, அது நான். போனதும் நான், பொய் சொன்னதும் நான். என் ஞாபகத்தத்தான் இன்னைக்கு உங்களுக்கு ஏத்தியிருக்காங்க."

"நீ போனது கம்பெனி வேலையா. நான் லீவு போட்டுல்லா போனேன்? பேண்ட்ட மடிச்சுவிட்டுட்டு இறங்கினது, உதட்டுல உப்பு கரிச்சது, எல்லாம் நேத்து மாதிரி இருக்கு."

அவள் ஜெபராஜிடம் கேட்டு வாங்கி வந்திருந்த, ஏற்றத்துக்கான ஒப்புதல் படிவத்தை நீட்டினாள். அவருடைய கையெழுத்து, இன்றைய தேதி. அவர் அதை மேலோட்டமாகப் பார்த்தார்.

"உங்க கம்பெனிக்காரன் எதுலதான் கையெழுத்து வாங்காம விட்டான்?" அவர் கண் கலங்கிவிட்டது. "நான் செஞ்ச தப்ப உன் தலையில போட்டுக்கிட்டு என்னக் காப்பாத்தப் பாக்கியா? உன்னப் போயி விட்டுட்டுப் போனேனே. உன் மனசு யாருக்கு வரும்?"

"சத்தியமாச் சொல்லுதேன், தப்பு என்னோடது. நீங்கதான் என்னை மன்னிக்கணும்."

"நீ என்னட்டி தப்பு செஞ்ச, மன்னிக்கதுக்கு?"

அவள் யாரிடம் பொய் சொன்னாளோ அவரே அந்தப் பொய்யைச் சொன்னவராகிவிட்டார். ஏமாந்தவர் என்று உலகத்தில் ஒருவரும் மிச்சமில்லை. ஊர் முழுக்க ஒன்பதாயிரம் பேர் அவள் குற்றத்துக்காக வீட்டு ஆளிடம் நயந்து பேசி மன்னிப்பு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மட்டும் அது கிடைக்க வழியில்லாமல் போயிற்று.

சங்கரலிங்கம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த தடவ நிச்சயம் உன்னக் கூட்டிட்டுப் போவேன். நீ எவ்வளவு வேணாக் கத்து. இப்ப மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு காந்தி. நெஞ்சுல கெடந்து அறுக்கு."

அந்த அறுப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

"சரி, மன்னிச்சிட்டேன்" என்றாள்.

சங்கரலிங்கத்துக்கு மனசு லேசாகிவிட்டது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவளுக்குக் காப்பி போட அடுக்களைக்குப் போனார்.