பல்லழகி

துப்பறிபவரின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் நகக்கண்களில் கல்தூள் அப்பியிருந்தது. அருங்காட்சியகத்தில் புதைபடிவங்களைச் சுற்றியுள்ள பாறையை ஊசியால் சுரண்டி எடுப்பது அவள் வேலை. ஆதிகாலப் பறவை ஒன்று பதிந்த கற்பலகையைக் காலையிலிருந்து காணோம். முந்தின நாள் கடைசியாகப் பூட்டியவள் அவள்தான். சாயங்காலத்துக்குள் கல் வராவிட்டால் போலீஸ் என்று சொல்லிவிட்டார் காப்பாளர்.

"தலை மட்டும் பாறைக்குள்ளயே இருந்துச்சு சார். நேத்துதான் தாடையைத் திறந்தேன். ஒரு பல்லுகூட இல்லை. உடைஞ்சிடக் கூடாதேன்னு மேல சாந்து பூசினேன். இன்னிக்குச் சொல்லலாம்னு யார்கிட்டயும் மூச்சு விடலை."

"இனியும் விடாதீங்க," என்றார் துப்பறிபவர்.

அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டான். யாரையாவது சந்தேகப்படாவிட்டால் அந்த மனிதனுக்குச் சோறு இறங்காது.

பணிக்கூடத்தின் சாவி அவளைத் தவிர இருவரிடம் இருந்தது: புகைப்படக்காரர், காப்பாளர். புகைப்படக்காரரின் செருப்பில் வெள்ளைச் சாந்தைக் கண்டதும் மச்சான் அத்தானின் விலாவில் இடித்தான். அவர் அவனுடைய செருப்பையே காட்டினார். அதிலும் சாந்துதான். அந்த அறையில் கால் வைத்த யாருக்கும் அது தப்பாது.

காணாமல் போனதைப் பற்றி இருவரையும் தனித்தனியே கேட்டார். எல்லாரும் அதைப் பல்லழகி என்றுதான் கூப்பிடுவோம் என்றார் புகைப்படக்காரர். இந்தப் பாறையில் கிடைக்கும் பறவைக்கெல்லாம் பல் உண்டு என்று காப்பாளர் புத்தகமே எழுதியிருக்கிறாராம். காப்பாளரோ எரிந்து விழுந்தார்.

"அந்தப் பொக்கைவாய்ச் சனியனை இவ எங்க ஒளிச்சு வச்சிருக்காளோ! முதல்ல இவளைப் பிடிங்க."

துப்பறிபவர் எல்லாரையும் மேசையைச் சுற்றி உட்காரவைத்தார்.

"ஊரே பல்லழகின்னு கொஞ்சுது. ஒருத்தர் மட்டும் பொக்கைவாய்னு திட்டுறார். அந்தத் தாடையில பல்லு இல்லைன்னு சாந்து பூசினவங்களுக்குத் தெரியும். அப்புறம், அதைப் பிரிச்சுப் பார்த்தவருக்குத் தெரியும்."

காப்பாளரின் பொய் பல்லிளித்துவிட்டது. தன் புத்தகம் சிரிப்பாய்ச் சிரித்துவிடுமே என்ற பயத்தில் செய்த வேலை அது. கடைசியில் அவரே எழுந்துபோய்த் தன் அலமாரியைத் திறந்தார். கல் ஒரு துண்டில் சுற்றிக் கிடந்தது.

அவள் அவரைப் பார்க்கவேயில்லை, தாடையின் மேல் குனிந்தாள். முழுசா இருக்கு என்று சொல்லும்போது அழுதேவிட்டாள். பிறகு பலகையில் ஒட்டியிருந்த பல்லழகி என்ற சீட்டைக் கிழித்தாள்.

"பொக்கைவாய்னு நீங்க வச்ச பேரே இருக்கட்டும் சார்," என்றாள் காப்பாளரிடம்.