விழிக்காத தாள்

வியாழன், காலை 8.10.

தாள் செத்துவிட்டது.

ஒரு விரல் அகலம், இரண்டு விரல் நீளம். கரி இழைகளால் ஆன தாள். மேலே ஊதாப் பூச்சு. நேற்று மாலையிலிருந்து அமிலம் நிறைந்த கண்ணாடிப் பாத்திரத்தில் தொங்குகிறது. அதே நேரத்திலிருந்து மின்சாரம் பாய்கிறது. இந்நேரம் ஹைட்ரஜன் நுரைத்துக் கிளம்பியிருக்க வேண்டும். கருவியின் திரையில் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

டாக்டர் இணைப்புகளை ஆட்டிப் பார்த்தார். பழைய தாள் ஒன்றை எடுத்து அதே பாத்திரத்தில் மாட்டினார். கோடு விருட்டென்று எழுந்தது.

ஆக, பாத்திரத்தில் குறை இல்லை. கருவியில் குறை இல்லை. மிச்சம், புதிய தாளில் பூசிய தூள்.

மதிப்பீட்டுக் குழு மறுநாள் காலை வருகிறது.

9.05-க்கு அவர் காவல் நிலையத்தில் நின்றார்.

"விஷம் வெச்சுட்டாங்க."

"யாருக்கும்மா?"

"தாளுக்கு."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். இருபது வருடமாகக் காக்கி போடுகிற பெண். நகைக்கு, நிலத்துக்கு, ஓடிப்போன புருஷனுக்கு என்று எத்தனையோ புகார் எழுதியிருக்கிறார். தாளுக்கு எழுதியதில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"நடங்க. பாத்துட்டு எழுதிக்கலாம்."

10.00.

ஆய்வகம் டாக்டர் வீட்டின் கீழ்த்தளம். நான்கு பேர் வேலை செய்தார்கள். டாக்டர் தூள் தயாரிப்பார். அவர் கணவர் கருவிகளைக் கட்டிப் பராமரிப்பார். கணவரின் தங்கை பாத்திரங்களைக் கழுவி, மூடிகளைப் பூட்டி, மேசையில் வைப்பார். நான்காமவர் வெளியாள். அளவெடுத்து வரைபடம் போடுகிறவர். பிடிக்காத அளவு வந்தாலும் விடாமல் அதற்கும் ஒரு புள்ளி வைப்பார். அதனால் அவர் பெயரே புள்ளி.

புள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். காலடியில் பயணப்பை.

"அவன்தான்," என்றார் டாக்டர், அவர் காதில் விழும்படியே. "திங்கட்கிழமை வேற ஊர்ல, வேற கம்பெனியில சேர்றான். அதே வேலை. நாளைக்கு நான் தோத்தா யாருக்கு லாபம்?"

"அந்தக் கம்பெனிக்குத் தெரியுமா?"

"காலையிலயே போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"எனக்கும் போன் வந்தாச்சு மேடம்," என்றார் புள்ளி. "பேர் சுத்தமானாதான் வரணுமாம். மூணு வருஷமா என் பொண்டாட்டி பிள்ளை அங்க, நான் இங்க. போனா பொண்ணு எனக்குக் காப்பி கொண்டுவந்து வெச்சுட்டு, 'எப்ப கிளம்பறீங்க'ன்னு கேக்குது. விருந்தாளி கணக்கா."

"நல்லா நடிக்கறான்," என்றார் டாக்டர்.

10.20.

"எனக்குக் கெமிஸ்ட்ரி பத்தாம் வகுப்போட முடிஞ்சுது," என்றார் இன்ஸ்பெக்டர். "குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க. இந்தத் தூள் என்ன?"

"கோபால்ட் பார்ஃபிரின். ஒரு வளையம், அதுக்கு நடுவுல ஒரு கோபால்ட் அணு. உங்க ரத்தம் சிவப்பா இருக்கறதே இந்த மாதிரி ஒரு வளையத்தாலதான். அதுல நடுவுல இரும்பு."

"அட." இன்ஸ்பெக்டர் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "இது என்ன பண்ணும்?"

"தண்ணியிலேருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க நிறைய மின்சாரம் வேணும். பிளாட்டினம் இருந்தா கொஞ்சம் போதும். ஆனா அது யானை விலை. அது செய்யற வேலையை என் தூள் செய்யுது."

"பாத்திரத்துக்கு ஏன் கறுப்புத் துணி சுத்தியிருக்கு?"

"வெளிச்சம் பட்டா பூச்சு வெளுத்துடும். அவிழ்க்கவே மாட்டோம். தாளை மேல ஒரு மூடி வழியா இறக்குவோம்."

"மூடி ரெண்டு இருக்கே. ஒயரும் ரெண்டு போகுது."

"ஒண்ணு தாளுக்கு. இன்னொண்ணு எதிர்ப்பக்கக் கம்பிக்கு. கரண்ட் சுத்தி வர ஒரு வழி வேணும்ல. அவ்வளவுதான்."

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தார். நாத்தனார் கையெழுத்தில் இருப்புப் பட்டியல்: அமிலம், கையுறை, வடிதாள், கோபால்ட் உப்பு, பிளாட்டினம் கம்பி, கரித்தாள், சோப்பு. பக்கத்தில் ஒரு பெரிய வரைபடம். ஆறு வாரத்தில் ஓடிய பன்னிரண்டு தாள்கள், பன்னிரண்டு கோடுகள். எல்லாமே தாழத் தொடங்கி மெல்ல மேலே ஏறின.

"இதெல்லாம் ஏன் முதல்ல படுத்துக் கிடந்துட்டு அப்புறம் எழுந்திருக்கு?"

டாக்டரின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. "அதுதான் இதோட அழகு. முதல்ல தூங்கும். ஓட ஓட முழிச்சுக்கும். 'விழிப்பு'ன்னு பேர் வெச்சேன். அச்சுல வந்த கட்டுரைக்குத் தலைப்பே அதுதான்."

ஜன்னலோரம் ஒரு செருமல்.

"போன வாரம் உங்க ரெண்டு பேருக்கும் சண்டையாமே," என்று இன்ஸ்பெக்டர் அங்கே திரும்பினார். "எதுக்கு?"

"ஒரு கேள்வி கேட்டேன்."

"என்ன கேள்வி?"

"யார் எழுப்புறாங்கன்னு."

"பொறாமை," என்றார் டாக்டர்.

11.15.

"தூளைச் சோதிச்சீங்களா?"

"ஒளி செலுத்திப் பாத்தேன். பழைய தூள் மாதிரியேதான் காட்டுது. கருவிக்குத் தெரியாத அளவுக்குத் துளியூண்டு கலந்திருக்கான்."

"துளியூண்டு போதுமா கொல்ல?"

"தாராளமா."

"அப்ப அதே புட்டியிலேருந்து கொஞ்சம் எடுத்து, உயிரோட இருக்கற பழைய தாளுக்கு ஊட்டுங்க."

டாக்டர் புட்டியைத் திறந்து கொஞ்சம் எடுத்தார். மூடினார். தூளைக் கரைத்து, பழைய தாளின் மேல் பூசி, உலரவைத்தார்.

பாத்திரத்தைச் சுற்றி மேசையில் வடிதாள் விரித்திருந்தது. மூடியைத் தூக்கியபோது சொட்டிய அமிலம் அதில் காய்ந்து, மணல்போலக் கறுப்புத் துகள்கள் தங்கியிருந்தன. இன்ஸ்பெக்டர் கையுறை மாட்டி ஒன்றை வடிதாளின் ஓரத்தில் தேய்த்தார். சாம்பல் நிறத்தில் பளபளப்பாக ஒரு கீற்று விழுந்தது.

12.40-க்குத் தாள் உள்ளே போனது. கோடு எழுந்தது. ஏறக்குறைய பழைய உயரம்.

"சாப்பிட்டுட்டு நல்லாத்தான் இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "புட்டியில விஷம் இல்ல."

"அப்ப புதுத்தாள் ஏன் செத்துச்சு?"

"செத்துச்சுன்னு ஏன் சொல்றீங்க? இன்னும் முழிக்கல. அவ்ளோதானே தெரியுது."

1.10. கணவர்.

"இந்த வாரம் இங்க வேற ஏதாவது காணாம போச்சா? அற்பமா இருந்தாலும் சொல்லுங்க."

"அப்படி ஒண்ணும்... என் டிராயிங் பென்சில் லெட் ஒண்ணு. டப்பாவுல ஆறு இருந்துது. நேத்துப் பாத்தா அஞ்சு. வீட்டம்மாகிட்ட கேட்டேன். 'ஆமா, தாளிச்சுட்டேன்'னா."

1.25. நாத்தனார். கழுவுதொட்டியில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"பழைய தாளெல்லாம் கடைசியா எப்ப ஓடிச்சு?"

"திங்கட்கிழமை மேடம்."

"புதுசை மாட்டினது?"

"நேத்து சாயங்காலம். மூடியெல்லாம் நான்தான் பூட்டிக் கொடுத்தேன். எப்பவும் நான்தான்."

"நடுவுல செவ்வாய்க்கிழமை இருக்கே. அன்னைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"உங்க அண்ணி ரொம்பத் திட்டுவாங்களோ?"

நாத்தனார் குழாயை மூடினார். "என்னைத்தான்னு இல்ல. பொதுவாவே."

2.00.

நான்கு பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். இன்ஸ்பெக்டர் கறுப்புத் துணியை அவிழ்த்தார். டாக்டர் தடுக்கக் கை நீட்டி, நிறுத்திக்கொண்டார்.

பாத்திரத்தின் அடியில் கறுப்பு வண்டல். இன்ஸ்பெக்டர் தாள் இருந்த மூடியைத் தொடவில்லை. எதிர்ப்பக்க மூடியைத் தூக்கினார். கவ்வியில் கம்பி இல்லை. கறுப்பாக, நேராக, ஒரு பென்சில் லெட்.

"ஐயையோ, என் லெட்டு," என்றார் கணவர்.

"மாத்தினது உங்க தங்கச்சி," என்றார் இன்ஸ்பெக்டர். "வேற யாரும் இந்த மூடியைப் பூட்டறதில்ல."

நாத்தனாருக்குக் கண் நிறைந்தது. இடுப்பில் செருகியிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். இரண்டு துண்டு வெள்ளைக் கம்பி. "கழுவும்போது முறிஞ்சுடுச்சு அண்ணி. புதுசு வரப் பத்து நாள் ஆகும். நீங்கதானே சொல்லுவீங்க, அந்தப் பக்கம் கரண்ட் போனா போதும்னு. லெட்ல கரண்ட் போகும்னு அண்ணன் ஒருநாள் பல்பு எரியவெச்சுக் காட்டினாரு. குழு வந்துட்டுப் போனதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"அறிவிருக்கா உனக்கு!" டாக்டர் குரலை உயர்த்தினார். பிறகு நெற்றி சுருங்கியது. "ஆனா அதுக்கும் தாளுக்கும் என்ன சம்பந்தம்? பழைய தாள் இதே லெட்டோடதானே காலையில ஓடிச்சு?"

"அதைத்தான் நானும் காலையிலேருந்து மென்னுட்டிருக்கேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "பழைய தாள் பன்னிரண்டும் கம்பியோட ஓடி முழிச்சது. முழிச்சப்புறம் கம்பி இல்லாட்டியும் ஓடுது. கம்பியைக் கண்ணால பாக்காத தாள் இந்த உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான். அது முழிக்கவே இல்ல. யார் எழுப்புறாங்கன்னு இவர் கேட்டாரே. கம்பி எழுப்புது. எப்படின்னு எனக்குத் தெரியாது. அது என்ன கம்பி?"

கணவர் குனிந்து ஒரு கம்பித் துண்டை எடுத்தார்.

"பிளாட்டினம்," என்றார் கணவர், மெதுவாக.

அவர் இழுப்பறையிலிருந்து நுண்ணளவியை எடுத்தார். கம்பித் துண்டை அதன் வாயில் வைத்துத் திருகினார். "வாங்கும்போது அரை மில்லிமீட்டர். இப்ப பூஜ்யம் புள்ளி நாலு ஏழு."

"மிச்சம் எங்க போச்சு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர்தான் பதில் சொன்னார். அங்கே அந்தப் பதில் அவருக்கு மட்டும்தான் முழுதாகப் புரிந்தது.

"அமிலத்துல கரைஞ்சிருக்கு. கண்ணுக்குத் தெரியாத அளவுல. பாத்திரத்தைக் கடந்து வந்து தாள் மேல உட்கார்ந்திருக்கு. ஓட ஓட அதிகமா. நான் அதுக்கு 'விழிப்பு'ன்னு பேர் வெச்சேன்." நிறுத்தினார். "ஹைட்ரஜன் கொடுத்தது என் தூள் இல்ல."

"விஷம்னு புகார் சொன்னீங்க. அது இல்ல. நடந்தது திருட்டு. கம்பியிலேருந்து தாளுக்கு. ஆறு வாரமா உங்க முன்னாடியே நடந்திருக்கு. இந்தப் பொண்ணு கம்பியை எடுத்தப்பதான் அது நின்னுச்சு." இன்ஸ்பெக்டர் கையுறையைக் கழற்றினார். "கம்பியைப் பத்திக் கேட்டப்ப 'அவ்வளவுதான்'னீங்க பாருங்க. எனக்கு அங்கதான் இடிச்சுது. எல்லாத்துக்கும் பத்து நிமிஷம் விளக்கம் சொன்ன ஆளு."

3.00.

"பழைய தாள் இருக்கே," என்றார் கணவர், மனைவியிடம் மட்டும். "நாளைக்கு அதையே காட்டிடலாம். ஓடத்தானே செய்யுது."

டாக்டர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் நுண்ணளவியைத் துடைக்கத் தொடங்கினார்.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நீட்டினார். "வாய்ப்புகாரா இருந்தாலும் முடிக்கறதுக்குக் காரணம் எழுதணும். 'தவறான புரிதல்'னு ஒரு வரி போதும்."

"போதாது," என்றார் புள்ளி. எழுந்து நின்றிருந்தார். "புதுக் கம்பெனிகிட்ட நான் விஷம் வெச்சேன்னு சொல்லியிருக்காங்க. தவறான புரிதல்னா சமாதானமா போயிட்டாங்கன்னுதான் நினைப்பாங்க. என்ன நடந்துச்சோ அதை எழுதச் சொல்லுங்க."

அவர் கேட்டது என்ன என்று எல்லோருக்கும் தெரிந்தது. நடந்ததை எழுதினால் அச்சில் வந்த கட்டுரை போய்விடும். நாளைய குழு போய்விடும்.

டாக்டர் எழுதினார். நான்கு வரி. பிளாட்டினம் என்ற சொல் இரண்டு முறை வந்தது. கையெழுத்துப் போட்டு, அதைப் படம் எடுத்து, புள்ளியின் புதிய கம்பெனிக்கு ஒன்று, மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒன்று அனுப்பினார்.

"நீ கேட்டப்ப நான் கேட்டிருக்கணும்," என்றார்.

"ஆமா," என்றார் புள்ளி.

3.50-க்கு அவர் கைபேசி ஒலித்தது. திங்கட்கிழமை வரலாம் என்றார்கள். பையை எடுத்தார். மேசையைக் கடக்கும்போது பழக்கதோஷத்தில் திரையில் காலையில் விழுந்த கோட்டைப் பார்த்தார். நின்றார். குனிந்தார்.

"இது பூஜ்யம் இல்ல."

"என்னது?"

"புதுத்தாள். தரையில இல்ல. மயிரிழை மேல நிக்குது. முதல்லேருந்து கடைசி வரைக்கும்."

டாக்டர் எழுந்து வந்தார். இரண்டு தலைகளும் திரைக்கு முன் நெருங்கின. "வெறும் கரித்தாளே அவ்வளவு கொடுக்குமோ?"

"யாருக்குத் தெரியும்? வெறும் தாளைப் பத்து நிமிஷம்தான் ஓட்டினோம். அதுவும் கம்பியோட."

"வண்டி எத்தனை மணிக்கு?"

"ஆறரை. அதை விடமாட்டேன்."

"விட வேண்டாம்."

டாக்டர் கத்தரியை எடுத்துப் பூசாத தாளில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டினார். கணவர் புதிய அமிலம் ஊற்றினார். புள்ளி பையைக் காலால் ஓரம் தள்ளிவிட்டுத் திரைக்கு முன் உட்கார்ந்தார்.

"தூள் பூசினது இதை ஜெயிச்சா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஜெயிச்சா, கொஞ்சூண்டு வேலை செய்யுதுன்னு அர்த்தம்," என்றார் புள்ளி.

"தோத்தா?"

"தெரியணும்ல மேடம்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். நாத்தனார் கவ்வியில் லெட்டைப் பொருத்தி மூடியைப் பூட்டினார். இந்த முறை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.