பதினெட்டாவது பெட்டி

“பதினேழு,” என்றாள் மணிமேகலை.

“பதினெட்டு,” என்றார் ஆத்மநாதன்.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பது வருஷத்தில் இப்படி ஆனதே இல்லை. புதுக்கோட்டையைத் தாண்டி நமணசமுத்திரம் போகிற பாதையில், தைலமரக்காட்டுக்கு நடுவே ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், புருஷனும் பெண்டாட்டியும் ஸ்கூட்டரில் வந்து அந்தப் பாலத்துப் பக்கத்து மேட்டில் நின்றுகொள்வார்கள், தெற்கே போகிற வண்டியைப் பார்க்க. மற்ற ஜோடிகள் சினிமாவுக்குப் போகும், துணிக்கடைக்குப் போகும், இதுகளுக்கு ரயில். தெருவில் நாலு பேர் பைத்தியம் என்று சொல்லத்தான் செய்தார்கள். சொல்லிவிட்டுப் போகட்டுமே, இவர்கள் என்ன அடுத்த வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டா ரயில் பார்க்கிறார்கள்!

பார்ப்பதோடும் முடிவதில்லை. மகள் காவ்யா கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போனதும், அவள் அறையில் பெரிய ப்ளைவுட் பலகையைப் போட்டு இதே பாதையைக் குட்டியாகச் செய்து வைத்திருந்தார்கள். விரலகலத் தண்டவாளம், மின்கம்பம், செம்மண் மேடு, இந்தப் பாலம். தைலமரமெல்லாம் மணிமேகலை கைவேலை. பெட்டியெல்லாம் அவர் செய்தது, அட்டையில் வெட்டி ஒட்டிச் சிவப்பு அடித்தது. ஆத்மநாதன் ஆலங்குடிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதற்கும் ஒரு விதி வேண்டும் அவருக்கு. வண்டி போகும்போது ரெண்டு பேரும் மனசுக்குள் பெட்டியை எண்ண வேண்டும். போனதும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். வீட்டில் குட்டி ரயில் அத்தனை பெட்டியோடுதான் ஓடும். எண்ணிக்கை ஒத்துவராவிட்டால், பெரிய எண் எதுவோ அதுதான் டைரியில் ஏற வேண்டும்.

“எண்ணும்போது ஒண்ணு விட்டுப்போகலாம். இல்லாத பெட்டி எப்படிம்மா எண்ணிக்கையில வரும்?” அது வாத்தியார் நியாயம். அவளும் சரி என்று ஒத்துக்கொண்ட விதிதான்.

“ஒண்ணு விட்டுட்ட மணி,” என்று சிரித்துக்கொண்டே அவர் டைரியில் பதினெட்டு என்று எழுதினார்.

விட்டிருக்க மாட்டோமே என்று அவளுக்கு உறுத்தியது. வீட்டுக்கு வந்து காபியைப் போட்டுக் கொடுத்துவிட்டு, செல்போனில் எடுத்த வீடியோவை ஓட்டினாள். பதினேழு. மறுபடியும் ஓட்டினாள். பதினேழாவது பெட்டியின் முதுகில், கடைசிப் பெட்டிக்குப் போடுகிற மஞ்சள் பெருக்கல் குறி பளிச்சென்று தெரிந்தது.

“இங்க பாருங்க.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் திரையில் விரலால் தட்டித் தட்டி எண்ணினார். பதினேழு போனது. திரையில் வெறும் தண்டவாளம், காற்றில் சுழல்கிற சருகு. அவர் விரல் இன்னொரு தடவை தட்டியது.

“பதினெட்டு. இதோ, பெருக்கல் குறி. இதுலதானே போட்டிருக்கு?”

அவள் திரையைப் பார்க்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்தாள். வெறும் தண்டவாளத்தின் மேல் அவர் கண் இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்து போனது, ஏதோ ஒன்று போவதைப் பார்க்கிற மாதிரியே.

மணிமேகலை திருவரங்குளத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ். பேய் பிசாசுக்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை அவள், வியாதிக்குப் பயப்படுகிற ஆள். மறுநாளே டவுனில் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. பிரஷர், சுகர் எல்லாம் இருபத்தைந்து வயசுப் பையனுக்கு இருக்கிற மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன். ஒருநாள் குரலை உயர்த்தியதில்லை, ஒருநாள் அவளை விட்டுச் சாப்பிட்டதில்லை. அவருக்கு ஒன்றென்றால் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே அதைப் பற்றி மேலே யோசிக்காமல் இருந்தாள்.

அந்த வாரம் முழுக்க அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காவ்யா அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். பதினெட்டாவது பெட்டி தயாரானது. மற்றப் பெட்டிகளில் ஜன்னலை ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பார். இதில் ஒன்றுகூட வெட்டவில்லை.

“ஏங்க ஜன்னல் வைக்கல?”

“எல்லாத்தையும் இறக்கிவிட்டிருந்தாங்க. பார்த்த மாதிரிதானே செய்யணும்?”

அடுத்த ஞாயிறும் அதே பாலம், அதே பதினேழு, அதே பதினெட்டு. வீட்டுக்கு வந்ததும் அவர் புதுப் பெட்டியை வாலில் மாட்டி ரயிலை ஓடவிட்டார். நேர்ப்பாதையில் நன்றாகத்தான் ஓடியது. வளைவில் ஏறும்போது எஞ்சின் திணறியது. மோட்டார் சூடாகிக் கருகல் நாற்றம் அறை முழுக்கப் பரவியது. அவர் சுவிட்சை அணைத்துவிட்டு எண்ணெய் எடுக்க அடுக்களைப் பக்கம் போனார். அவள் கடைசிப் பெட்டியை எடுத்துப் பார்க்கலாம் என்று ரெண்டு விரலால் தூக்கினாள்.

வரவில்லை.

அட்டைப் பெட்டி. ஊதினால் பறக்கும். முழுக் கையையும் கொடுத்துத் தூக்கினாள், அம்மிக்குழவி கனம் கனத்தது. தூக்கிய வேகத்தில் பெட்டி சாய்ந்தது. உள்ளே எதுவோ நகர்ந்தது. கல்லோ ஆணியோ உருண்டால் கடகடவென்று சத்தம் வரும்; இது அப்படி இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் ஒருத்தர் உட்காரத் தள்ளி இடம் கொடுக்கிறார்களே, அந்த மாதிரி மெத்தென்று நகர்ந்தது. அவள் அதை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து, குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். எத்தனை சோப்புப் போட்டும் உள்ளங்கையில் தண்டவாள இரும்பு வாசனை போகவில்லை.

மூன்றாவது ஞாயிறு அவளுக்குப் போகவே பிடிக்கவில்லை. தனியாக விடவும் மனசு வரவில்லை. போனாள். வெயில் தாழ்ந்து தைலமரத்து நிழலெல்லாம் செம்மண்ணில் நீள நீளமாக விழுந்து கிடந்தது. காட்டுக்குள் மயில் ஒன்று அகவிக்கொண்டே இருந்தது, வண்டிச் சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொண்டது. எஞ்சின் வந்தது, அனல் காற்றும் இரும்புத் தூளும் முகத்தில் அடித்தன, பெட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கடந்து போயின. பதினேழு. பெருக்கல் குறி. வெறும் தண்டவாளம்.

அவர் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் மெல்லத் திரும்பியது, மிக மெல்ல.

“என்னங்க?”

“கடைசிப் பெட்டி மெதுவாப் போகுது மணி. இன்னைக்கு ஜன்னலெல்லாம் தொறந்திருக்கு.”

“உள்ள யாருங்க?”

“தெரியல. ஆனா அவுங்க நம்மள எண்ணுறாங்க.”

அவளுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. “எத்தனைன்னு?”

“ஒண்ணுதான். நீ அவுங்களுக்குத் தெரியல போல,” என்றார் அவர். சொல்லும்போது அவர் குரலில் பயமே இல்லை.

திங்கட்கிழமை அவர் பள்ளிக்கூடம் போனதும் அந்தப் பெட்டியை முறத்தில் வைத்துக் கொல்லைக்குத் தூக்கிப் போனாள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். சும்மா சொல்லக் கூடாது, எரியும்போது அது அட்டையாகத்தான் எரிந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு பிடிச் சாம்பல். சாயங்காலம் அவரிடம் மறைக்காமல் சொன்னாள், கண்ணில் தண்ணீரோடு.

“எனக்கு நீங்க வேணும்ங்க. ரயிலு வேணாம், ஒரு கருமாந்திரமும் வேணாம். இனிமே அங்கிட்டுப் போகக் கூடாது. எம்மேல சத்தியம் பண்ணுங்க.”

“சரி, போகல. இதுக்குப் போயி அழுவாங்களா?” என்று அவள் தலையில் கை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிக்குழம்பு. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தார். அப்பாடா என்று அவள் தலைக்குக் குளிக்கப் போனாள். சீயக்காய் கண்ணில் கரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது.

ஈரத் தலையோடு ஓடி வந்தாள். கட்டிலில் பேப்பர் மட்டும் கிடந்தது. காவ்யா அறையில் டைரி விரித்தபடி இருந்தது. இன்றைய தேதி. வண்டி வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது, ஆனால் எண்ணிக்கை எழுதியாகிவிட்டது. அவருடைய உருண்டைக் கையெழுத்து.

பதினெட்டு. ரெண்டு பேரும்.

தெருமுனையில் முத்துராஜ் ஆட்டோ நின்றது. “தைலமரக்காட்டுப் பாலத்துக்குப் போப்பா, சீக்கிரம் போ,” என்று ஏறினாள். தலைமுடித் தண்ணீர் முதுகில் வழிந்துகொண்டே இருந்தது. முத்துராஜ் கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னக்கா ஏதுக்கா என்று கேட்டான். ரோட்டோரம் இறக்கிவிட்டு, “நிக்கவாக்கா?” என்றான். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு மரங்களுக்குள் ஓடினாள்.

மேட்டில் ஸ்கூட்டர் நின்றது. அவர் மேட்டில் இல்லை. கீழே இறங்கி, தண்டவாளத்துக்கு ஜல்லி கொட்டிய இடத்தில், கையெட்டுகிற தூரத்தில் நின்றார். நீலக் கட்டம் போட்ட சட்டை.

“வந்துட்டியா? வருவன்னு தெரியும்,” என்றார், திரும்பிப் பார்க்காமலே.

“வாங்க மேல! வாங்கன்னா!” கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அசையவில்லை. தூரத்தில் ஹாரன் கேட்டது. காலுக்குக் கீழே ஜல்லி நடுங்க ஆரம்பித்தது. இழுத்துப் பார்த்தாள், அடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சரி, இவரை விடவும் மாட்டேன், அதைப் பார்க்கவும் மாட்டேன் என்று ரெண்டு கையாலும் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினாள். பார்க்காவிட்டால் எண்ண முடியாது. எண்ணாவிட்டால் அந்த டைரி பொய்.

வண்டி வந்தது. அனல். மண். காது அடைக்கிற சத்தம்.

கண்ணை மூடலாம், காதை எப்படி மூடுவது? ரெண்டு கையும் அவர் கையில் இருந்தது. ஒன்பது வருஷப் பழக்கம் அவளைக் கேட்டுக்கொண்டா நடக்கும்! சக்கரம் தடக் தடக்கென்று இணைப்பில் விழ விழ, மனசு தானாக எண்ணியது. பத்து. பதினொன்று. எண்ணாதே. பதினைந்து. எண்ணாதே மணி. பதினாறு.

பதினேழு.

சத்தம் தெற்கே ஓய்ந்து போனது. காற்று நின்றது. முடிந்தது என்று மூச்சை விட்டாள்.

தடக்.

மெதுவாக. ரொம்பப் பக்கத்தில்.

தடக்.

பதினெட்டு என்றது அவள் மனசு.

இரும்புச் சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. தலைக்கு மேலே ஜன்னல் கதவுகள் ஒவ்வொன்றாக ஏறுகிற சத்தம் கேட்டது. குசுகுசுவென்று நிறையக் குரல்கள். ஒண்ணு, என்றன. கொஞ்சம் பொறுத்து, ரெண்டு, என்றன.

கதவு திறந்தது. உள்ளிருந்து வந்த காற்றில் பூட்டியே கிடந்த வீட்டு வாடை. அவள் பிடித்திருந்த கை மேலே போனது. படி ஏறுகிறவன் கை போவது போல மேலே, இன்னும் மேலே. “விடமாட்டேன்! தர மாட்டேன்!” பல்லைக் கடித்துக்கொண்டு, குதிகாலை ஜல்லியில் ஊன்றி, உடம்பில் இருந்த அத்தனை பலத்தையும் கொடுத்து இழுத்தாள். ஒரு நொடி ரெண்டு பக்கமும் சமமாக இழுத்தது. அப்புறம் தடாலென்று விட்டது. ஜல்லியில் மல்லாந்து விழுந்தாள். கை கையிலேயே இருந்தது. அவர் அவள் பக்கத்திலேயே விழுந்தார்.

வண்டி நகர்கிற சத்தம் கேட்டது.

ஜெயித்துவிட்டாள். கண்ணைத் திறந்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டை, புருவத்து மச்சம், மூக்குக் கண்ணாடி. அவரேதான். “ஐயோ, என் சாமி!” என்று மார்பில் முகத்தைப் புதைத்து அழுதாள். அழுதுகொண்டே, கை பழகிய வேலையாக, அவர் மணிக்கட்டில் நாடி பார்த்தாள்.

தடக் தடக்.

தடக் தடக்.

விரல் நுனியில் இரும்பு அடித்தது.

மெல்லத் தலையைத் திருப்பினாள். அந்தச் சிவப்புப் பெட்டி இப்போது அவளுக்கும் தெரிந்தது. மரங்களுக்கு நடுவே நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. கடைசி ஜன்னலில் ஆத்மநாதன். கண்ணாடி இல்லாத முகம். ஜன்னல் கம்பியை ரெண்டு கையாலும் பிடித்து உலுக்குகிறார். வாய் அகலமாகத் திறந்து மூடுகிறது. சத்தம் வரவில்லை.

“ஏங்க!” தொண்டை கிழியக் கத்தினாள். “ஏங்க!”

“ம், சொல்லு மணி,” என்றது பக்கத்தில் கிடந்தது, அவர் குரலிலேயே, அன்பாக.

பெட்டி சின்னதாகிக்கொண்டே போனது. கம்பியில் அந்த ரெண்டு கைகள். அவள் எழுந்து ஓடப் பார்த்தாள்.

அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் விடவில்லை.