கூடைக்காரிகள்

ஐயம்பேட்டையில் சிவராஜ் அண்ணனின் தறிவீட்டுக்குள் நுழையும்போது எனக்கிருந்த ஒரே பயம், திட்டுவார் என்பதுதான். கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிறவன் நான். திட்டும் கூலியில் சேர்த்தி.

ஜப்பான்காரம்மா ஒருவர், பழைய மரக்கட்டை அச்சுப் படமொன்றை முந்தானையில் நெய்யக் கேட்டிருந்தார். இரண்டு பெண்கள் குனிந்து கூடையில் இளங்கீரை கிள்ளுகிறார்கள். "அந்தக் கொழுந்துதான் ஆயுசு. வருஷத் தொடக்கத்தில் கிள்ளிச் சமைத்தால் வீட்டில் எல்லாரும் நீண்டநாள் இருப்பார்கள்" என்றார். ஆயுசு என்றதும் எனக்கு எங்கள் பாப்பா ஞாபகம். குறைமாதத்தில் பிறந்து, அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்திருந்தாள்.

ஆனாலும் காஞ்சிபுரத்துக் கை சும்மா இருக்குமா? முந்தானையென்றால் ஜரிகை மின்ன வேண்டும். கீரையை மொத்தமாக அழித்து ஜரிகையை நிரப்பிவிட்டேன். கூடைகளும் காலி.

தறிவீட்டில் ஈரமண் வாசனை அடித்தது.

"இன்னாபா லோகேஷு, கூடைய காலியாதானே உட்ட?" அண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆமாண்ணா."

"பாரு."

நெய்து முடித்த வரிசையில் கூடைகள் பச்சையாக நிறைந்திருந்தன.

தறியில் பச்சை நூலே இல்லை.

அப்படியென்றால் எங்கே கிள்ளிய பச்சை? வீட்டுக்கு ஓடினேன். மாடித் தொட்டிகளில் என் மனைவி சங்கீதா வளர்த்த அரைக்கீரை, நுனி நுனியாகக் கிள்ளப்பட்டிருந்தது.

"நீங்களாங்க கிள்ளினீங்க?" என்றாள். "துளசியக்கூட உட்டு வெக்கல."

கீழே தொட்டிலில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். உச்சியில் பூனைமுடி ஒரு கொத்து இல்லை.

நகத்தால் கிள்ளியதுபோல.

அவள் பிழைத்தது தப்பென்பதுபோல.

முந்தானையில் அந்தப் பெண்கள் கிள்ளுவதற்கு நான் வேறெதையும் விட்டுவைக்கவில்லையே.

ஒரு செடி வரைந்து நூறு நகல் எடுக்கிற சோம்பேறி நான். அன்றைக்கு ஒவ்வொரு இலையாக வரைந்தேன். அவசரத்தில் எல்லாமே காற்றில் ஆடுகிற கீரையாக வந்தது. தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே புது டிசைனை அண்ணனுக்கு அனுப்பி வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் அண்ணன் போன் செய்தார்.

"கீர சோக்கா வந்துக்கினு இருக்குதுபா. கூடையும் காலியாயிடுச்சி."

போன உயிர் திரும்பியது. "குனிஞ்சி கிள்ளுறாங்களாண்ணா?"

"ஒருத்தி கிள்ளிக்கினு இருக்கா."

"இன்னொருத்தி?"

"அதாம்பா கேக்கறேன். நீ ரெண்டு பேருதானே போட்ட?"

பாப்பா விழித்திருந்தாள். என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துச் சிரித்தாள்.

ஈரமண் வாசனை.

காதருகே, கொழுந்து கிள்ளும் சின்னச் சத்தம்.