பூனை காட்டிய கோணல்

கார்க் கதவு மூட மாட்டேன் என்று அடம்பிடித்தது. நாளைக் காலை, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் இருக்கும் டெல்லாவின் ஊரில் சோளத் திருவிழா ஊர்வலம்.

பத்து வயது டெல்லா கதவை மறுபடி மறுபடி சாத்திப் பார்த்தாள். அம்மாவின் 1931-ஆம் வருடத்துக் காரில் ஏற்றிப் போவதாகத் தோழி நாடீனுக்கு அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். வருடா வருடம் முரசடித்தபடி முன்வரிசையில் நடப்பவள் நாடீன். இந்த வருடம் அவள் காலில் மாவுக்கட்டு.

எல்லாம் ஸ்டெப்னியால் வந்த வினை. முன்பக்க மட்கார்டுகளில் பக்கத்துக்கு ஒரு ஸ்டெப்னிச் சக்கரம் கம்பீரமாக நிற்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அந்தக் கனத்தைக் காரின் அடிச்சட்டம் தாங்காது. அதனால் அம்மாவும் வெர்ன் மாமாவும் காரை ஸ்டாண்டுகளில் தூக்கி நிறுத்தி, சட்டத்தின் உள்பக்கம் நீளமான இரும்புப் பட்டைகளை வைத்து, போல்ட் போட்டு முடுக்கினார்கள். ஸ்டெப்னிகளை மாட்டிக் காரைக் கீழே இறக்கினால், கதவின் அடி இடிக்கிறது.

பாரம்தான் காரணம் என்று மாமா ஸ்டெப்னிகளைக் கழற்றினார். அப்போதும் இடித்தது. கதவையே தேய்த்துவிடலாம் என்று அரத்தை எடுத்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தொண்ணூறு வருடம் தாங்கிய கதவு அது.

அந்த நேரம் பார்த்து, பிக்கிள்ஸ் பூனை அரத்தின் மேல் பாய்ந்தது. டெல்லா அதை வயிற்றில் கைகொடுத்துத் தூக்கினாள். தலை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமும் தொங்கின.

டெல்லா அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, போல்ட் முடுக்குறப்போ ஸ்டாண்டு எங்க இருந்துச்சு?"

"காரோட நடு வயித்துல. ஏன் கேக்குற?"

"அப்போ காரோட ரெண்டு முனையும் இப்படித்தானே தொங்கியிருக்கும்? தொங்கினபடியே இறுக்கிட்டீங்க. அதான் கதவு இடிக்குது."

மாமா பூனையைப் பார்த்தார். காரைப் பார்த்தார். அரத்தைக் கீழே வைத்தார்.

"முப்பது வருஷமா ஸ்பானர் பிடிக்கிறேன். இந்தப் பூனைக்கு இருக்கிற அறிவு எனக்கு இல்லாம போச்சே" என்றார்.

போல்ட்டுகளைத் தளர்த்தினார்கள். ஸ்டாண்டுகளை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் அடியில் நகர்த்தினார்கள். இப்போது கார் தன் சக்கரங்களில் நிற்பதுபோலவே நிமிர்ந்து நின்றது. பிறகு மறுபடி முடுக்கினார்கள். போல்ட்டுக்கு ஒரு தரம் டெல்லா கதவைச் சாத்திப் பார்த்தாள். கடைசியில் ஸ்டெப்னிகளை மாட்டிக் காரை இறக்கியபோது அவள் மூச்சையே பிடித்துக்கொண்டாள்.

கதவு வெண்ணெயாய் மூடியது. அம்மா தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். டெல்லாவுக்கு அப்போதுதான் பசியே தெரிந்தது.

காலையில் மாவுக்கட்டுக் கால் முதலில் ஏறியது. பின்னால் நாடீன் ஏறினாள். அவள் மடியில் முரசு ஏறியது.

"இப்போ அடிக்கலாமா?" என்று கேட்டாள் நாடீன்.

டெல்லா கதவை ஒரு விரலால் தள்ளினாள். 'டக்' என்றது.

"இப்போ அடி."